திட்டத் தெரியாத ஊர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போகும் இடத்தில் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரின் ஓரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்னறை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் காபித்தூளும் பிஸ்கட்டும். குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வந்து உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள். பேரில் பாதியைச் சொன்னால் போதும். நம் ஊரில் என்றால் பக்கத்தில் ஒருவன் உட்காருவதற்குள் ஊர், தொழில், யார் வீட்டு மாப்பிள்ளை என்று மூன்றையும் கறந்துவிடுவார்கள். இங்கே பக்கத்து நாற்காலிக்காரர் பீட்டர் பத்து மாதமாக என் தோளைத் தட்டுகிறார். நான் இந்தியாவா இலங்கையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இதைச் சுதந்திரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் ஆள். அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டுப் பழகிய கை, இங்கேயும் பூமியைத்தான் துளைக்கிறது. நானும் குடிக்கிறவன்தான், ஆனால் இந்த அறைக்கு நானாக வரவில்லை. என் தங்கை சாந்தி அனுப்பி வைத்தாள். அவளை எடப்பாடியில் தறி வைத்திருந்த குமரேசனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். நல்ல மனுசன், குடியைத் தவிர. ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு வாய் குடித்தாலும் விஷம் என்று டாக்டர் சொன்ன பிறகு கோயிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று சாமியிடம் தவணை சொல்லிக் கட்டுவார்கள். அதுவரை சொட்டுத் தொட மாட்டார்கள். கயிறு அவிழ்க்கும் நாளைக் கூடக் குடிக்கும் சேக்காளிகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

குமரேசன் ஆறு மாதம் கட்டினார். ஆறு மாதமும் தொடாமல் இருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியது, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்றெல்லாம் சாந்தி போனில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கயிறு அவிழ்க்கும் நாளுக்குச் சரியாக லீவு போட்டு, விமான நிலையத்தில் ஒசத்தி பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். வெளிநாட்டு மச்சான் வெறுங்கையோடு போக முடியுமா?

"வேண்டாங்கண்ணா. இன்னொரு ஆறு மாசத்துக்குக் கட்டிக்கலாமுங்க" என்று சாந்தி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆம்பளைங்க விசயத்துல நீ எதுக்கு சாமி? போயி கறிய வேக வையி" என்று செல்லமாக அவளை விரட்டினேன்.

தறிக்கூடத்துக் கத்தரியால் கயிற்றை வெட்டியது நான். முதல் கிளாஸை ஊற்றியதும் நான். குமரேசன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மச்சான் ஊத்திட்டீங்க, மறுக்கப்படாதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று வாரம் நிறுத்தவே இல்லையாம். அதற்குள் நான் இங்கே திரும்பிவிட்டேன். சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்துப்போனார்.

ஏழு மாதம் சாந்தி என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"குடிக்கிறவங்க சேந்து ஒக்காந்து பேசுற எடம் ஒண்ணு எல்லா ஊர்லயும் இருக்குதாமா. சேலத்துலயும் இருக்குதுன்னு அவரு உசுரு போன அன்னைக்கு நர்சு சொன்னாங்க. அங்க தேடிப் போங்க. நீங்க பண்ணுனத எல்லார்த்து முன்னாலயும் சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க."

தேடிப் போனேன். மூன்றாம் வாரம், தெரிந்த இங்கிலீஷில், கத்தரி முதல் ரத்தம் வரை சொல்லி முடித்தேன். யாராவது எழுந்து அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர்கள் கை தட்டினார்கள். துணிச்சலாகப் பேசினேனாம். பீட்டர் காபி கலந்து கொடுத்து, "அது உன் தவறு இல்லை நண்பா, உனக்கு இருந்தது ஒரு நோய்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காபியை அவர் சட்டையிலேயே ஊற்றியிருப்பேன். நோயாம். எனக்கு இருந்தது வெளிநாட்டு மச்சான் என்ற பவுசு. அதை மன்னிக்க இந்த ஆள் யார்? சாந்தியின் காலிக் கழுத்தை இவர் பார்த்தாரா?

வெளியே காரில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"சொன்னீங்களாங்கண்ணா?"

"சொல்லீட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

கை தட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? "திட்டுனாங்க சாமி" என்றேன்.

"நல்லாவா?"

"நல்லா. ஒரு குடும்பத்தையே அழிச்சவன்னாங்க."

"அடுத்த வாரமும் போங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வேலை. உள்ளே தட்டிக் கொடுப்பார்கள், வெளியே வந்து அவர்கள் திட்டியதாகப் புளுகுவேன். ஒரு சொட்டுத் தொட்டுப் பத்து மாதமாகிறது. அதைச் சொன்னால் அவள் "ம்" என்பதோடு சரி. திட்டு என்னவென்றுதான் கேட்பாள். வெள்ளைக்காரன் வாயில் நானும் எத்தனை வசவைத்தான் வைப்பேன்? போன வாரம் ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னைக்கு என்னன்னு திட்டுனாங்கண்ணா?"

"நீயே சொல்லு சாமி. என்னன்னு திட்டியிருப்பாங்க?"

அவள் ஆரம்பித்தாள். அண்ணன் என்றுகூடப் பார்க்காமல், 'ங்க' இல்லாமல், "ஏண்டா" என்று ஆரம்பித்தாள். கூட்டம் முடிந்து போனவர்கள் கார்க் கண்ணாடியைத் தட்டிச் சிரித்துக் கையசைத்தார்கள். நான் ஒரு கையை உயர்த்தி அவர்களுக்கு அசைத்தேன். மறு கையில், காதை ஒட்டிய போனில், சாந்தி திட்டுவதை நிறுத்தவில்லை.