கட்டியும் கல்லுப்பும்

"யோவ், இதுல இன்னாய்யா போட்ட?"

லேப் கவுன்டரில் நான் இப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த சின்ன பாட்டிலின் அடியில் கல்லுப்பு. அதன் மேல் குபேந்திரனின் வயிற்றிலிருந்து ஊசி வழியாக எடுத்த சதைத் துணுக்கு. எதிரே நின்றவர் அவர் மனைவியின் தம்பி ஏழுமலை. ஆம்பூரில் பச்சைத்தோல் குடோனில் வேலை.

"உப்பு மேடம். கேன்டீன்ல கேட்டு வாங்கினேன். அந்த பாட்டில்ல மருந்து வாசனை அடிக்குது, இதுல வெறும் தண்ணி. டோக்கனுக்கு உக்காந்தா மத்தியானம் ஆய்டுது, வெயில் வேற ஜாஸ்தி. பச்சைத்தோலே உப்பு இல்லாம அரைநாள்ல நாறிப்பூடும். இது எங்க மாமா சதையாச்சே!"

வேலூரில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தவரை, புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பயாப்சி எடுத்தால் இரண்டு பாட்டில். ஃபார்மலின் ஊற்றியது பெத்தாலஜிக்கு. அதில் சதை கெடாது. சலைன் ஊற்றியது நமக்கு, கல்ச்சருக்கு. கிருமி உயிரோடு வந்து சேர்ந்தால்தான் நாம் அதை வளர்த்துப் பார்க்க முடியும். உப்பு அதிகமானால் அது செத்துவிடும்.

குபேந்திரன் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. திடீரென்று வயிற்றில் தேங்காய் மூடி அளவுக்குக் கட்டி. ஸ்கேன் பார்த்த எல்லாரும் குடலில் கேன்சர் என்றார்கள். எங்கள் மெடிசின் டாக்டரம்மாவுக்கு மட்டும் சந்தேகம், ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளையணு எக்கச்சக்கமாக இருந்ததால். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் அபூர்வமாக வரும் ஒரு பூஞ்சை, அச்சு அசலாகக் கேன்சர் வேஷம் கட்டும். பூஞ்சை என்றால் மருந்திலேயே கரையும். கேன்சர் என்றால் குடலில் பாதியை வெட்ட வேண்டும்.

உப்பில் ஊறிய துணுக்கை பிளேட்டில் போட்டேன். ஒரு வாரமாகியும் ஒன்றும் வளரவில்லை. பெத்தாலஜியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கைவிரித்துவிட்டது. "குடல் அடைச்சிக்கப் போவுது. திங்கக்கிழமைக்கு மேல வெயிட் பண்ண மாட்டேன்" என்றார் சர்ஜன். அதற்குள் மறுபடியும் ஊசி போட்டு எடுக்க வேண்டும்.

"டேய் மச்சான், என்னயே ஊறுகா போடலாம்னு பாத்தியாடா?" என்று ஸ்கேன் ரூம் வாசலிலேயே கத்தினார் குபேந்திரன். ஏழுமலை அழுதேவிட்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. இந்த முறை பாட்டிலை நானே வாங்கிக்கொண்டேன். ஏழுமலை இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு லேப் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை. இருப்புக் கொள்ளாமல் போனேன். பிளேட்டில் மெழுகு மாதிரி மடிப்பு மடிப்பாக வளர்ந்திருந்தது. மூடி முழுக்கப் பனி மூட்டம். இந்தப் பூஞ்சை தன் வித்துக்களைத் தானே மேலே தெறிக்கவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். ஆபரேஷன் கேன்சல்.

"பல்லி, தவளை வயித்துல இருக்கற பூஞ்சைங்க இது" என்று டாக்டரம்மா சொன்னதும், குபேந்திரனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லி எந்தப் பக்கம் விழுந்துச்சோ தெர்லயே" என்றார்.

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் கட்டி கரைந்தது. ரிவ்யூவுக்கு வந்த குபேந்திரன் மச்சானைக் காட்டி, "இவன் இப்ப சோத்துக்கே உப்பு கேக்கறதில்ல மேடம்" என்றார்.

அதன் பிறகு யாரையும் "லேப்ல குடுங்க" என்று மொட்டையாக அனுப்பவில்லை. எந்த பாட்டில் எதற்கு என்று சொல்லித்தான் கொடுத்தோம். சலைன் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினேன்: 'உப்பு போடக் கூடாது.'

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "எந்தப் பைத்தியம் மேடம் இதுல போய் உப்பு போடும்?"

"பைத்தியம் இல்லம்மா. மாமா மேல உசுரையே வெச்சிருக்கற மச்சான்" என்றேன்.