மாப்பிள்ளையின் காரும் கோழிக்கடைப் பிரீசரும்

என் மகளுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் நான் மாப்பிள்ளையோடு நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஆட்களில், மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று பேசும் வழக்கமில்லை. இப்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. என் வயதுக்காரிகள் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி மரியாதை, பாதி கூச்சம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் கூச்சம்தான் முக்கால். கோயிலில் பொங்கல் கொடுக்கும்போது கையை நீட்டக் கூசி, கடைசியில் வெறும் வாழையிலையோடு திரும்பி வருகிற ஆள் நான்.

மாப்பிள்ளையும் எனக்குக் குறைந்தவர் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால், "இன்னும் கொஞ்சம் சோறு போடவான்னு கேளு" என்று மகளிடம் சொல்வேன். அவர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருப்பார். "போதும்னு சொல்லு" என்று அவரும் மகளிடமே சொல்வார்.

"நான் என்னா, உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று மகள் கத்துவாள்.

சித்திரை முடிந்த கையோடு இரண்டு பேரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவருக்கு ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை, அவளுக்கு வயதானவர்கள் இல்லத்தில் வேலை. யாரோ ஓட்டிக் கழித்த காரொன்றை வாங்கினார்கள். டிசம்பரில், மலையைத் தாண்டி அடுத்த மாகாணத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்கு அந்தக் காரிலேயே போவதாகத் திட்டம். அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் இவர் ஒருவர்தான். போகாமல் இருக்க வழியே இல்லை.

ஒரு நாள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் இல்லை, ஒரு டயர்தான் இருந்தது.

"அம்மா, பனிக்குன்னு தனியா டயர் இருக்காம், அத வாங்கணும்னு இவரு நிக்கிறாரு. இருக்கிற டயரே புதுசு மாதிரி இருக்கு. நீங்களே பாருங்க."

நான் ஹட்டன் டவுனில் ஒரு டயர்க்கடையில் பில் எழுதுகிறேன். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் பில் எழுதி எழுதி, எந்த டயர் ஓடும், எந்த டயர் ஓடாது என்று கொஞ்சம் பழகிவிட்டது. டயரில் இருக்கும் வெட்டுக்குள் ஒரு காசுக் குற்றியைச் செருகிக் காட்டச் சொன்னேன். குற்றி நன்றாக உள்ளே போனது. பக்கங்களில் வெடிப்பும் இல்லை.

"வெட்டு ஆழமா இருக்கும்மா. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்."

"வழுக்குமாமே?"

"வெட்டு இருந்தா ஏன் வழுக்குது? டயகம ரோட்டுல அடமழையில இதவிட மொட்டையான டயருல வேன் ஓடுது."

பின்னால் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவது கேட்டது. ஏதோ சொல்ல வந்தார்.

"கேட்டீங்களா? அம்மாவே சொல்லிட்டாங்க" என்றாள் மகள்.

"அத்த சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் அவளிடம் சொன்னார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை. பில்லில் கையெழுத்துக்கூட வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

பனி என்றால் எனக்குத் தெரிந்தது நுவரெலியாப் பனிதான். தை மாதத்தில் முட்டைக்கோவாப் பாத்திமேல் உப்புத் தூவியதுபோல வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். கனடாவில் அதையே கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் வந்தது. எங்களுக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் மாலை. கடையில் முதலாளி ஒரு வேன் டயரை ரிம்மில் ஏற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி, அவர்தான் டயர் மாட்டுகிறவரும். அது ஏறுவதாக இல்லை.

"தங்கச்சி, இத வெயில்ல வைங்க. ராத்திரிக் குளிருல வெறச்சிப் போய் ஈக்கு" என்றார்.

குளிர்காலத்தில் எங்கள் கடையில் இது தினமும் நடக்கிற வேலை. காலையில் டயரை வெயில் விழும் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போய் வைப்போம். கொஞ்சம் இளகிய பிறகுதான் மாட்டுவது. எத்தனையோ வருடமாக உருட்டுகிறேன். அன்றைக்கும் உருட்டினேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

ஒரு சுவெட்டர் போட்டால் அடங்குகிற ஹட்டன் குளிருக்கே டயர் இப்படி விறைக்கிறது. அங்கே மூக்குத் தண்ணீர்கூட உறைகிறது என்று மகள் சொல்கிறாள். அப்படியானால் அந்தக் குளிரில் அந்த டயர் என்ன ஆகும்? வெட்டு ஆழமாக இருந்து என்ன பயன்?

"முதலாளி, டயர ஐஸ்ல வச்சா என்னாவும்?"

"ஏன் ஐஸ்ல வைக்கணும்? டயர் என்னா கெட்டுப்போற சாமானா?"

அவரிடம் மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது. கழித்துப் போட்டிருந்த கார் டயரிலிருந்து இரண்டு துண்டு வெட்டி வாங்கினேன். ஒன்றை மேசைமேல் வைத்தேன். மற்றதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு பக்கத்துக் கோழிக்கடைக்குப் போனேன்.

"தம்பி, இத கொஞ்ச நேரம் உங்க பிரீசர்ல வைக்கணும்."

கோழிக்கடைத் தம்பி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, செய்வினை கிய்வினை இல்லியே? யாவாரத்துல கைய வச்சிறாதீங்க."

"சும்மா வைங்க தம்பி. மகளுக்காக."

அப்படிச் சொன்னது இன்னும் மோசமாகிவிட்டது. அவன் மூச்சுவிடாமல் அதைக் கோழிக்கால்களுக்கு நடுவில் செருகினான். இறைச்சி வாங்க வந்த அம்மா ஒருவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "அந்தக் கறுப்பா இருக்கிறது ஈரலா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய் எடுத்தேன். மேசையில் இருந்த துண்டு நாக்குபோல வளைந்தது. பிரீசரில் இருந்த துண்டு வளைய மறுத்தது. மேசையில் தட்டினால் டக் டக் என்றது. முதலாளியும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"யா அல்லாஹ். இதுல போறதும் கால்ல பலகயக் கட்டிக்கொண்டு போறதும் ஒண்டுதான்."

உடனே மகளுக்கு எடுத்தேன். அவள் இரவு வேலைக்குப் போயிருந்தாள். வேலையில் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். விடியற்காலை வேலை முடிந்து வந்ததும் அப்படியே காரில் ஏறிப் புறப்படுவதாக ஏற்பாடு.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர். என் போனில் அது இருந்தது, ஆனால் ஒரு நாளும் நான் அழுத்தியதில்லை.

"முதலாளி, நீங்க பேசுறீங்களா?"

"எனக்கு ஒங்கட மருமகனத் தெரியுமா? நான் எடுத்து, ஒங்கட டயர் சரியில்லன்டு சென்னா, மனுசன் என்னா நினைப்பாரு? நீங்களே செல்லுங்க. மக பெருசா, வெக்கம் பெருசா?"

அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"அத்த! யாருக்கு என்னாங்க?" நான் கூப்பிடுகிறேன் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்.

"யாருக்கும் ஒன்னுமில்லங்க. டயர் மாத்துங்க."

"அத்த?"

"டயர மாத்துங்க மாப்புள்ள. நான் சொன்னது பெழங்க. கோழிக்கடையில வச்சிப் பார்த்துட்டேன்."



"கோழிக்கடையிலயாங்க?"

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் ஒரு செட்டு பார்த்து வச்சிருக்கேங்க. கார வித்துப்புட்ட ஒரு பெரியவரு. பனி டயர் நாலும் ரிம்மோட அவரு கராஜுல சும்மா கெடக்கு. நம்ம காருக்குச் சரியா இருக்கும். கடை வெலையில பாதிகூட கேக்கல."

"எப்பங்க பார்த்தீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு மொத நாளு."

"அப்ப ஏங்க சொல்லல?"

"நீங்க சொன்ன பெறகு நான் எப்படிங்க அத்த…" என்று இழுத்தார். "அதான் மண் மூட்ட ரெண்டு, மண்வெட்டி, போர்வை எல்லாம் டிக்கியில வச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியார் பேச்சைத் தட்டக் கூடாது என்று, பனியில் புதைகிற காரைத் தோண்டி எடுக்க மண்வெட்டியோடு மலையேறத் தயாராக இருந்திருக்கிறார் மனிதர்.

"இப்பவே போங்க. போய் வீடியோ போடுங்க."

போட்டார். நான் போனை மேசையில் சாய்த்து வைத்தேன். முதலாளி ஒரு பக்கம், கோழிக்கடைத் தம்பி ஒரு பக்கம். அந்தக் கராஜில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எங்களுக்குக் கை காட்டினார். நான் முக்காடு போட்டுக்கொண்டேன்.

"பக்கத்துல நாலு இலக்கம் இருக்குங்களா? கடைசி ரெண்டும் செஞ்ச வருஷம். அதக் காட்டுங்க." நாலு டயரும் பழசில்லை. "நகத்தால அழுத்துங்க. அமுங்குதா?"

"அமுங்குதுங்க. இங்க கராஜும் ஐஸ்பெட்டி மாதிரித்தான் இருக்கு. அப்பவும் மெத்துன்னுதான் இருக்குங்க." பிறகு டயரின் பக்கத்தில் விரலை வைத்து அவர் எனக்குக் காட்டினார். "இந்தா பாருங்க அத்த, மலையும் நடுவுல ஒரு பனிப்பூவும் போட்டிருக்கு. இந்த அடையாளம் இருந்தாத்தான் அசல் பனி டயராம்." இது எனக்குத் தெரியாத விஷயம். முதலாளிக்கும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்.

"டிஸ்கவுண்ட், டிஸ்கவுண்ட்!" என்று முதலாளி என் தோளுக்கு மேலாலே கத்தினார். பெரியவர் சிரித்துவிட்டு, பனி தட்டுகிற பிரஷ் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

ரிம்மோடு இருந்ததால் கடைக்கூலியும் மிச்சம். மாப்பிள்ளை தம் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து மாற்றினார். "நட்ட வரிசையா முறுக்காதீங்க, எதிரெதிரா முறுக்குங்க. கொஞ்ச தூரம் ஓடினதும் நிப்பாட்டி, இன்னொருக்கா முறுக்குங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் சார்ஜ் தீரும்வரை பேசினோம். இத்தனை வருடப் பாக்கி ஒரே நாளில் தீர்ந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் போக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள் இல்லை, அவர்.

"வந்து சேர்ந்துட்டோங்க அத்த. மலையில ரெண்டு மூனு காரு ரோட்ட விட்டு எறங்கிக் கெடந்துச்சு. நம்ம காரு அசையலங்க."

நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மகள் போனைப் பறித்தாள். "அம்மா, நீங்க பெத்தது என்னையா, இவரையா? எனக்கு ஒரு வார்த்த சொல்லாம என்னா கூட்டணி இது?"

அவர் போனைத் திரும்ப வாங்கி டயரைக் காட்டினார். வெட்டெல்லாம் வெள்ளையாகப் பனி அடைத்திருந்தது. நட்டு முறுக்கியதைச் சொன்னார். அக்கா வீட்டில் எல்லாருக்கும் கோழிக்கடைக் கதையைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "வேற என்னாங்க அத்த?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். டயரைப் பற்றிச் சொல்ல எனக்கு இனி ஒன்றும் இல்லை. டயரை விட்டால் ஒரு மாப்பிள்ளையிடம் வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. முகமெல்லாம் சுட ஆரம்பித்தது.

"சரிங்க மாப்புள்ள, பஸ்ஸு வந்துருச்சு" என்று சொல்லிப் போனை வைத்தேன். ரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாகக் கிடந்தது.