முந்திரி பூத்த மாசமும் என் ஊசியும்

ஊசி போட்டு ரெண்டு மூணு நாளாச்சுன்னா எனக்கு உலகமே கொஞ்சம் மெத்துன்னு ஆயிடும். ஆலங்குடிப் பக்கம் எங்க முந்திரிக்காட்டுல மத்தியானம் சாப்பிட்டுட்டு மரத்தடியில சாஞ்சா, பூவாசம் வந்து மூக்குலயே உக்காந்துக்கும். தூக்கமும் இல்லாம முழிப்பும் இல்லாம கெடப்பேன். என் வீட்டுக்காரி சருகு கூட்டுற சத்தம் எங்கிட்டோ தூரத்துல கேக்கும்.

இந்த வயசுல என்னய்யா ஊசின்னு கேப்பீங்க. மம்பட்டியத் தொட்டா கை ஓஞ்சு போகும், எதுலயும் மனசு ஒட்டாது, தாடிகூட முன்ன மாதிரி வளரலை. அவதான் ஒடனே என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துட்டுப் போனா. மூளைக்கு அடியில இருக்கிற ஒரு சுரப்பி மக்கர் பண்ணுது, அதனால டெஸ்டோஸ்டிரான்ங்கிற ஆம்பளை ஹார்மோன் சுரக்கலைன்னு டாக்டர் சொன்னாரு. மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு ஆரம்பிச்சாரு.

தெம்பு வந்துச்சு. கூடவே கண்ணீரும் வந்துச்சு! கன்னுக்குட்டி தாயத் தேடிக் கத்தினா, ஓடிப்போயி அத அவுத்து விட்டுட்டு நானும் சேந்து அழுவேன். வாயத் தெறந்தா சண்டைன்னு பேரெடுத்த ஆளு நான். ஒருநாள் மரத்தடியில அவகிட்ட, "ஏ புள்ள, முழங்கால் ரொம்ப வலிக்குதா?"ன்னு கேட்டுட்டேன். விளக்கமாத்த அப்படியே கீழ போட்டுட்டா.

"என்னங்க, வெயிலு மண்டையில ஏறிருச்சா?"ன்னா. அப்புறம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு மத்தியானத்துக்கு மத்தியானம் வளந்துச்சு. கல்யாணமானதுலேருந்து பேசாததையெல்லாம் பேசினோம். எது பேசினது, எது கனவுல கேட்டதுன்னு இப்பக்கூட எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. பொய் சொல்லலை, அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்.

ஆனா மார்பு வீங்குச்சு. காம்புக்கு அடியில நெல்லிக்கா மாதிரி ஒரு கட்டி. சட்டை ஒரசினாலே வலி. மாசியில குலசாமி கும்புடுறப்ப ஆம்பளைங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் நிக்கணும். பங்காளிங்க வாய் சும்மா இருக்குமா? மானம் போயிடும்னு டாக்டர்கிட்ட ஓடினேன்.

ரத்தம் எடுத்துப் பாத்தாரு. "போடுற ஊசியில கொஞ்சம் ஒடம்புக்குள்ள பொம்பளை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனா மாறுது. தொப்பை இருந்தா இன்னும் கூடுதலா மாறும். ஆம்பளைக்கும் அது வேணும், ஆனா அளவா இருக்கணும்"னாரு. அப்படி மாறுறதக் கொறைக்க, வாரத்துக்கு ரெண்டு தடவ மட்டும் போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதினாரு.

நாங்க முந்திரிக்காரங்க. பூச்சி மருந்து ஒரு மூடி போதும்னு கடைக்காரர் சொன்னா, ரெண்டு மூடி ஊத்தி அடிச்சாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். மாசி நெருங்குதேன்னு தெனம் ஒண்ணு முழுங்கினேன்.

வலி போச்சு, வீக்கமும் வத்துச்சு. குலசாமி முன்னாடி நெஞ்ச நிமித்தி நின்னேன், ஒரு பய வாயத் தெறக்கலை. ஆனா கையெடுத்துக் கும்புட்டப்ப உள்ள ஒண்ணும் அசையலை. என் முழங்கால் கடக்கு கடக்குங்குது, வெரல மடக்கினா வலிக்குது. மத்தியானம் அவ பக்கத்துல வந்து உக்காந்தா, நான் துண்ட மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன்.

"பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு"ன்னு சேலைய ஒதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அது சுருக்குன்னு தைக்கணும்ல? தைக்கலையே! அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

மறுபடி ரெண்டு பேரும் புதுக்கோட்டைக்குப் போனோம். தெனம் ஒண்ணு போட்டேன்னதும் டாக்டர் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "பூச்சிக்கு அடிக்கிறேன்னு தேனீயையும் சேத்துக் கொன்னுட்டாருங்க. தேனீ இல்லாம எங்கிட்டுக் காய் புடிக்கும்?"னு இவ எடுத்துக் குடுத்தா. மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு. ஊசியக் கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு வாராவாரம் போட்டுக்கலாம், தொப்பையக் கொறைங்கன்னாரு.

"எலும்புக்கு, மூட்டுக்கு, மனசுக்கு எல்லாத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் வேணும். மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு அது கொறஞ்சுதான் ஒடம்பு எரியும், மூட்டு வலிக்கும். இப்ப ஒங்களுக்கும் அந்த வலிதான்"னாரு. அவ ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

ஆலங்குடி பஸ்ஸுல ஜன்னலோரம் எனக்குக் கண்ணு சொருகுச்சு. காத்துல அவ குரல் மெதுவா வந்துச்சு.

"ஏங்க, எனக்கும் அதுதான் கொறஞ்சிருக்கா?"

"அப்படித்தான் போல."

"நாலு வருஷமா எரியுது, வலிக்குதுன்னு சொன்னேன். வயசானா அப்படித்தான்னீங்க. ஒங்களுக்குச் சோர்வுன்னதும் நான் அன்னிக்கே பஸ் ஏத்துனேன்."

கோவமே இல்லாமத்தான் சொன்னா. நான் அழுதிருக்கணும். கண்ணு காஞ்சே கெடந்துச்சு. எந்திரிச்சு நின்னு, "கண்டக்டரே, எறக்கி விடுங்க"ன்னு கத்தினேன்.

"இங்கிட்டு எதுக்குங்க எறங்குறோம்?"

"திரும்பிப் போறோம். ஒனக்கும் டாக்டரப் பாக்க ஒரு சீட்டுப் போடணும்."

"டாக்டரு சாப்பிடப் போயிருப்பாருங்க."

"வரட்டும். உக்காந்திருப்போம்."

பஸ் நின்னுச்சு. ஆளுக்கொரு கம்பியப் புடிச்சுக்கிட்டு, படிக்குப் படி "ஆத்தாடி, ஆத்தாடி"ன்னு மொனகிக்கிட்டே ரெண்டு பேரும் எறங்கினோம்.