முதல் மழையைத் தின்ற புல்

நேற்றைய மழைக்குப் பிறகு பாசி நாற்றம் எங்கள் மாடிவரை ஏறி வந்துவிட்டது. எதிரே, ஏரியில் மிச்சமிருக்கும் குட்டை பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் கிடக்கிறது.

நங்கநல்லூர்ப் பக்கம் இந்த அடுக்குமாடி நிற்கும் இடம், என் சின்ன வயதில் எங்கள் எருமைகள் மேயும் புல்வெளி. ஏரிக்குப் போகும் வாய்க்கால் அதன் ஓரமாகத்தான் ஓடும். வருஷத்தின் முதல் மழை தெருச்சாணியையும் கொட்டகைக் கழிவையும் அடித்துக்கொண்டு வரும்போது, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி, மண்வெட்டியால் வாய்க்கால் கரையை வெட்டி அந்தக் கறுப்புத் தண்ணீரைப் புல்வெளிக்குத் திருப்பிவிடுவாள்.

“மொத மழ அழுக்கத் தூக்கினு வருது. அத்த புல்லு துன்னட்டும்.”

புல் தின்னும், இடுப்புயரம் வளரும், அதை எருமைகள் தின்னும். அடுத்த மழைக்குள் கரையை அடைத்துவிடுவோம். ஏரிக்குத் தெளிந்த தண்ணீர் போகும்.

கீழே வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்: “இன்னா சார், எப்போ மழ பேஞ்சாலும் ஏரி இப்டி நாறிக்கினு கீது?”

புல் இருந்த இடத்தில் இப்போது நாங்கள் இருக்கிறோம். எங்கள் அழுக்கை ஏரி தின்கிறது.