பாவு கிடந்த இடம்

ஆரணிக் கோட்டை அகழியோரம் புதிதாக அமைத்திருக்கும் பூங்காவின் வாசலில், இஸ்திரி வண்டிக்காரர் கஞ்சி போட்ட வேட்டியைத் தேய்க்கும்போது எழும் ஆவி மூக்கில் பட்டால் போதும், எனக்கு ஏழு வயதாகிவிடுகிறது.

அப்போது அது வெறும் மண்தரை. விடிந்ததும் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே தறிக்கான பட்டு நூல்களைப் பாவாக நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவிக் காயவிடுவார்கள். வெயில் ஏற ஏற ஈர நூலின் சோற்று வாசனை கோட்டைச் சுவர்வரை போகும், பால்காரரின் சைக்கிளும் பள்ளிக்கு ஓடும் எங்கள் ஓட்டமும் அதன் நுனியைச் சுற்றித்தான் வளையும். யாராவது குறுக்கே காலெடுத்தால் நாலு பக்கமிருந்தும் குரல் வரும்: "பாவு! பாவு! சுத்திகினு போ!"

பூங்காவை வடிவமைக்க வந்த பெண், காகிதத்தில் பாதையை நேராகத்தான் போட்டிருந்தார். ஆனாலும் வேலை தொடங்குமுன் மூன்று நாள் காலையில் வந்து, நடப்பவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லாத இடத்த ஏங்க எல்லாரும் சுத்திப் போறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அங்க பாவு இருக்குமேங்க" என்றேன். பாவு போடுவது ஊருக்கு வெளியே கொட்டகைக்கு மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. நேர்ப்பாதையை அழித்துவிட்டு, எங்கள் காலடித் தடத்தின்மேலேயே கல் பதித்தார். பாவு கிடந்த நீளத்துக்குப் புல் மட்டும் விட்டார். இவ்வளவு மரியாதையை நான் எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை.

நேற்று சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகள், பாதை சும்மா வளைகிறதே என்று புல்லில் குறுக்கே காலை வைத்தாள். நான் வாயைத் திறக்குமுன், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வண்டிக்காரர் கத்தினார்:

"பாவும்மா, பாவு! சுத்திகினு வா!"