கை வைக்கக் கூடாத வண்டி

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அரைச்சுத்து’ என்றால்தான் தெரியும். எந்த போல்ட்டை முடுக்கி முடித்தாலும், “இரு, இன்னும் அரை சுத்து” என்பார். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். சொந்தக் கடை. கல்யாண வீட்டுக்குப் போனால் உட்காரப் போகும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவர், “இந்த ஃபேன்ல பேரிங் போயிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்காமலே திரும்பி வந்தார். தங்கமான மனுஷன்தான். ஆனால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நமக்கே எங்கோ எதுவோ கழன்றுகொண்ட மாதிரி இருக்கும்.

மெக்கானிக் பெண்டாட்டிக்கு வண்டிக் கவலை இருக்காது என்று நினைப்பீர்கள். அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கட்டு மாற்றும் நர்ஸ். அவளுடைய பழைய வண்டி மாமா கடைச் சுவரோரமாகவே கிடக்கும். ஊரார் வண்டியெல்லாம் வரும், சரியாகும், போகும். “நம்ம வண்டிதானே, பாத்துக்கலாம்” என்பார் மாமா. ஒரு நாள் அது நடுரோட்டில் நின்றுவிட்டது. கட்டு மாற்ற வேண்டிய வீட்டுக்கு அவள் வேர்த்து விறுவிறுத்து நடந்தே போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டு நோயாளி வலியில் அழுதுகொண்டிருந்தாராம். அக்கா வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. அந்த மாதமே தன் சம்பாத்தியத்தில் புது மோட்டார் சைக்கிள் எடுத்தாள். கூடவே கூடுதல் வருஷங்களுக்கு வாரண்டியும் வாங்கினாள்.

அந்த வாரண்டிக்கு ஒரு நிபந்தனை. சொன்ன தவணைக்குள் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் வண்டியை விட வேண்டும். வெளியாள் இன்ஜினைத் திறந்தால் வாரண்டி செல்லாது.

“வெளியாள்னா யாரு?” என்று கேட்டார் மாமா.

“நீங்கதான்” என்றாள் அக்கா.

நான் சிரித்துத் தொலைத்தேன். மாமா முகம் சுண்டிவிட்டது.

அன்றிலிருந்து பால் சட்டியைச் சுற்றும் பூனை மாதிரி அந்த வண்டியைச் சுற்றி வந்தார். “துடைக்கவாவது விடுவியா?” என்று கேட்டுக்கொண்டு துடைப்பார். துடைக்கும் சாக்கில் காதை இன்ஜின் பக்கம் கொண்டுபோவார். அக்காவோ தவணை தவறாமல் காலையில் சென்டரில் விட்டு, சாயங்காலம் எடுத்து வருவாள். சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைத்ததுதான் மாமாவை அதிகமாகக் குத்தியது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு மட்டும். “இன்ஜின் மேல டாப்பெட் டக்டக்னு அடிக்குது, உனக்குக் கேக்கல?” என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். அக்காவிடம் சொன்னால், “அடுத்த சர்வீஸ்ல சொல்றேன்” என்பாள். அதற்குள் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஒரு காலை ஆட்டுவார், பாதியில் எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வருவார்.

ஒரு மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஸ்பேனரை எடுத்தார்.

“மாமா, வேணாம்” என்றேன்.

“பாத்துட்டு மூடிடறேன்டா. கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

திறந்தார், சரி செய்தார், மூடினார். எண்ணெய்க் கறை, கைரேகை எல்லாவற்றையும் துடைத்தார். நடுவில் ஒரு காரியம் நடந்தது. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கடையில் முடுக்கி முடித்த போல்ட் தலையில் எல்லாம் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். எது முடுக்கியது, எது முடுக்காதது என்று குழம்பாமல் இருக்க. வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டது.

சத்தம் கொஞ்ச நாள் அடங்கி, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது. டாப்பெட் இல்லையாம், இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின். அக்கா பதறவே இல்லை. “வாரண்டில மாத்திக் குடுப்பாங்க” என்று கிளம்பினாள். மாமாவும் வந்தார். துணைக்கு நானும் போனேன்.

சென்டர் பையன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். “மேடம், இந்த மஞ்சள் பெயிண்ட் எங்க வேலை இல்லையே. வெளிய திறந்தீங்களா?”

அக்காவும் குனிந்து பார்த்தாள். எங்கள் தெருவில் ஓடும் பாதி வண்டிகளில் இருக்கும் பொட்டு அது. யாரையும் கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. மாமா ஏதாவது பொய் சொல்லித் தப்பித்தால் தேவலை என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

“நான்தான் தம்பி திறந்தேன்” என்றார் மாமா. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வாரண்டிய மட்டும் ரத்து பண்ணிடாதீங்க.”

பையன் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தான். உண்மை பேசினால் மரியாதை கிடைக்கலாம், செயின் கிடைக்காது. இன்ஜின் வாரண்டி ரத்து என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமாதான் தாங்க முடியாமல் ஆரம்பித்தார். “நானே மாத்திடறேன். அவனுங்களவிட நல்லாவே மாத்துவேன்.”

“எப்ப?”

“கடைல ரெண்டு வண்டி நிக்குது. அத முடிச்சிட்டு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அக்கா கடகடவென்று கத்தும் வண்டியில் ஏறி, மாமா கடையைத் தாண்டிப் போனாள். தெருக்கோடியில், ‘ஒல்லி’ என்று நாங்கள் கூப்பிடும் இன்னொரு மெக்கானிக்கின் கடை முன்னால் நிறுத்தினாள். மாமா கையில் ஸ்பேனரோடு எழுந்து பின்னாலேயே போனார். நானும் ஓடினேன்.

ஒல்லி நெளிந்தான். “அக்கா, அண்ணன் கடைய விட்டுட்டு இங்க வந்தா நல்லாவா இருக்கும்?”

“வாரண்டி இருந்தவரைக்கும் கம்பெனிக்குத்தான் போகணும்னு இருந்துச்சு. இப்பதான் எங்க வேணா விடலாமே. சாயங்காலம் வண்டி கிடைக்குமா?”

“கிடைக்கும்க்கா. ஆனா அண்ணன் இருக்கும்போது நான் எப்படி...”

மாமா வந்து நிற்பதை அக்கா பார்த்துவிட்டாள். குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை.

“அவர் கடைல எனக்கு முன்னால ஊரே நிக்குது தம்பி” என்றாள்.