நன்மை நாலு, தீமை நாலு

வீட்டில் டியூஷன் எடுப்பது என்றால் அடுப்பில் குழம்பும் எதிரே ஒரு மண்டையும் ஒரே நேரத்தில் அடிபிடிக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டில் ஒன்று தினமும் தீய்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் எடுத்தே தொண்டை கட்டிப்போன சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்க்கை

வேப்பம்பட்டில் என் வீட்டுக்கு இந்த வருஷம் வந்த தனித்தேர்வர் செல்வி. வயது முப்பத்தெட்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. பத்தாவது தேறினால் நிரந்தரம். இரண்டு முறை அறிவியலில் கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

அணுக்கரு பிளவின் நன்மை தீமைகளைக் கட்டாயம் கேட்பான் என்று நாலுக்கு நாலு எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மிஸ், நன்மைய மட்டும் படிச்சிக்கினு போனா பாதி மார்க்கு தர மாட்டாங்களா?"

பிளவு

கான்வென்டில் சிஸ்டர் முன்னால் நின்று ஒப்பித்த பாடம். விளக்கி எனக்குப் பழக்கமில்லை. "ஒரு நியூட்ரான் யுரேனியத்தை இடித்தால் அது இரண்டாக உடையும். சூடு வரும், இன்னும் இரண்டு மூன்று நியூட்ரானும் வரும். அவை போய் அடுத்ததை இடிக்கும்" என்றேன். முழித்தாள். "லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒருத்தி மூணு பேரிடம் வம்பு சொல்கிற மாதிரிம்மா!" என்று கத்தினேன்.

சட்டென்று பிடித்துக்கொண்டாள். நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழிகளுக்கு நான் இன்னும் வரவே இல்லை. "அப்ப நடுவுல நாலு பேரு வாய மூடிக்கினு இருந்தாதான் ஊரு தப்பிக்கும், இல்ல மிஸ்?"

நன்மை

கொஞ்சம் எரிபொருள், நிறைய மின்சாரம். வெயிலையும் காற்றையும் நம்ப வேண்டாம், ராப்பகல் ஓடும். இதற்கு அவளிடம் உதாரணமே இருந்தது: கரண்டு போய் ஃபர்னஸிலேயே இரும்பு உறைந்து, மூன்று நாள் உடைத்தார்களாம். அடுத்து, நிலக்கரிப் புகை கிடையாது என்றேன். "அப்ப எங்க தெருவுல வெள்ளப் பொடவ காயப்போடலாம்னு சொல்லுங்க!"

தீமை

அணுமின் நிலையம் கட்டவே பல வருஷம், கோடிக்கணக்கில் செலவு, விபத்தானால் கதிர்வீச்சு. கழிவோ ஆயிரக்கணக்கான வருஷம் அடங்காது.

"அத்த எங்க மிஸ் வெப்பாங்க?"

"பாதுகாப்பாகப் புதைப்பார்கள். புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது, எழுதிக்கொள்." குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது.

அவள் எழுதவில்லை. "எங்க கம்பெனி கசடையும் பாதுகாப்பா கொட்றோம்னுதான் ஏரிக்கரையில கொட்னாங்க மிஸ்."

பரீட்சை

கேள்வி வந்தது. ஹாலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். "ஏழு பாயிண்டு நீங்க குடுத்தபடியே. தீமையில கடைசி மட்டும் சொந்தமா."

நிரந்தர வேலை போச்சு! "என்னடி எழுதித் தொலைத்தாய்?"

"கழிவ ஊருக்கு ஒதுக்குப்புறமா பொதைப்பாங்க, அந்த ஒதுக்குப்புறத்துலதான் நாங்க இருக்கோம்னு எழுதனேன் மிஸ்."

முப்பத்தைந்து போதுமான இடத்தில் முப்பத்தாறு வாங்கித் தேறிவிட்டாள். மிச்சம் வந்த அந்த ஒன்று நான் சொல்லித்தராத பாயிண்டுக்குத்தான் என்பதில், இத்தனை வருஷம் கத்திய எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.